கணினி மின்வழங்கியும் வரைகலை அட்டையும்

கணினி மின்வழங்கி என்பது வீட்டு மின்னிணைப்பில் இருந்து வரும் மாறுதிசை மின்னோட்டத்தைக் கணினி உறுப்புகளுக்கு ஏற்ற குறைந்த மின்னழுத்த நேர்திசை மின்னோட்டமாக மாற்றித் தரும் கருவி ஆகும். இந்தியக் கணினிக் கடைகளில் இது எஸ்எம்பிஎஸ் என்ற பெயராலேயே அறியப்படுகிறது. வரைகலை அட்டை என்பது திரையில் தோன்றும் படங்களைக் கணித்து உருவாக்கும் அட்டை. பேச்சு வழக்கில் கிராபிக்ஸ் கார்டு எனப்படுகிறது. விளையாட்டு, காணொளித் தொகுப்பு, முப்பரிமாண வரைவு போன்ற பணிகளுக்கான மேசைக் கணினிகளில் மிகுதியான மின்திறனை எடுத்துக்கொள்ளும் உறுப்பு பெரும்பாலும் இந்த அட்டையே. ஆகவே புதிய அட்டை வாங்குவதற்கு முன், இருக்கும் மின்வழங்கி அதைத் தாங்குமா என்று சரிபார்ப்பது வழக்கமாகி உள்ளது.

இந்தச் சரிபார்ப்பு எல்லாக் காலத்திலும் ஒரே கணக்காக இருந்ததில்லை. 1980களில் மொத்தம் எத்தனை வாட் என்று பார்த்தால் போதும். 2000க்குப் பிறகு 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் என்று பார்க்க வேண்டி வந்தது. அடுத்து எந்த இணைப்பி உள்ளது என்ற கேள்வியும், அதன்பின் பெட்டியில் அச்சிட்ட எண் உண்மையா என்ற கேள்வியும் எழுந்தன. 2020க்குப் பிறகு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் அட்டை எவ்வளவு இழுக்கும் என்பதும் கணக்கில் சேர்ந்தது. ஒவ்வொரு புதிய கேள்வியும், பழைய கேள்வியால் கண்டுபிடிக்க முடியாத ஒரு கோளாறில் இருந்து பிறந்தது. அந்த வளர்ச்சியை இக்கட்டுரை விளக்குகிறது.

அடிப்படை அளவுகள்

மின்திறன் வாட் என்ற அலகால் அளக்கப்படுகிறது. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் மின்திறன் கிடைக்கும்; அதாவது வோல்ட் × ஆம்பியர் = வாட். ஒரு மின்வழங்கி 12 வோல்ட்டில் 30 ஆம்பியர் தருமாயின், அந்த மின்னழுத்தத்தில் அது தரக்கூடிய திறன் 360 வாட் ஆகும்.

கணினி மின்வழங்கி ஒரே நேரத்தில் பல மின்னழுத்தங்களைத் தருகிறது. அவற்றுள் 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் ஆகிய மூன்றும் முதன்மையானவை. ஒரு மின்னழுத்தத்தில் மிச்சமிருக்கும் திறனை இன்னொரு மின்னழுத்தத்துக்கு விருப்பம்போல் மாற்றிக்கொள்ள முடியாது. மொத்த வாட்டை மட்டும் பார்த்து முடிவு செய்தவர்கள் ஏமாந்ததற்கு இதுவே முதற்காரணம்.

தொடக்க காலம்: 63.5 வாட்

பழைய மின்வழங்கிகளில் கனமான இரும்பு உள்ளகம் கொண்ட மின்மாற்றி இருந்தது. மின்னோட்டத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை நிறுத்தி இயக்கி, சிறிய மின்மாற்றியின் வழியே செலுத்தும் நிலைமாற்று முறை அதற்கு மாற்றாக வந்தது. எஸ்எம்பிஎஸ் என்ற பெயர் இம்முறையையே குறிக்கிறது. விண்கலங்களிலும் ஆய்வகக் கருவிகளிலும் முன்னரே பயன்பட்ட இம்முறை, விரைவாக இயங்கும் உயர் மின்னழுத்த டிரான்சிஸ்டர்கள் மலிவானபோது சிறு கணினிகளுக்கும் வந்தது. 1977இல் வெளிவந்த ஆப்பிள் II கணினிக்கு ராட் ஓல்ட் என்பவர் இத்தகைய மின்வழங்கியை வடிவமைத்தார்.

1981 ஆகத்தில் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட ஐபிஎம் பிசி 5150 கணினியின் மின்வழங்கி 63.5 வாட் திறன் கொண்டது. அதில் 5 வோல்ட்டில் 7 ஆம்பியரும் 12 வோல்ட்டில் 2 ஆம்பியரும் கிடைத்தன. அதாவது 35 வாட் 5 வோல்ட்டிலும், 24 வாட் 12 வோல்ட்டிலும் இருந்தன. எஞ்சிய சிறு பகுதி எதிர்மின்னழுத்தங்களுக்கு உரியது. அக்காலத்தில் தருக்கச் சில்லுகள் அனைத்தும் 5 வோல்ட்டில் இயங்கின. 12 வோல்ட் பெரும்பாலும் நெகிழ்வட்டு இயக்கிகளின் மோட்டார்களைச் சுழற்றவே தேவைப்பட்டது. திரைக்கான அட்டையும் விரிவாக்கச் செருகுவாயில் இருந்து கிடைத்த மின்சாரத்திலேயே இயங்கியது. அதற்கெனத் தனிக் கம்பி எதுவும் இல்லை.

மின்வழங்கி போதுமா என்ற கேள்வியை முதலில் எழுப்பியது வரைகலை அட்டை அன்று; வன்தட்டுதான். 5150 கணினி வன்தட்டு இல்லாமல் விற்கப்பட்டது. அதில் வன்தட்டைப் பொருத்த விரும்பியவர்களுக்கு 63.5 வாட் போதவில்லை. மின்வழங்கியையே மாற்ற வேண்டி வந்தது. 1983 மார்ச்சில் 10 மெகாபைட்டு வன்தட்டுடன் வந்த ஐபிஎம் பிசி எக்ஸ்டி, 130 வாட் மின்வழங்கியைக் கொண்டிருந்தது. 1984இல் வந்த பிசி ஏடி கணினியில் இது 192 வாட் ஆனது. மூன்றே ஆண்டுகளில் தேவை மும்மடங்கானது. எனினும் கணக்கு எளிதாக இருந்தது. உறுப்புகளின் தேவையைக் கூட்டி, மின்வழங்கியின் மொத்தத்தோடு ஒப்பிட்டால் போதும்.

அக்காலத்து ஆபத்து வேறு இடத்தில் இருந்தது. தாய்ப்பலகைக்கு மின்சாரம் கொண்டு சென்ற பி8, பி9 என்ற இரு இணைப்பிகளும் ஒரே வடிவில் இருந்தன. இடம் மாற்றிச் செருகினால் தாய்ப்பலகை பழுதாகிவிடும். இரண்டு இணைப்பிகளின் கறுப்புக் கம்பிகளும் நடுவில் அடுத்தடுத்து வர வேண்டும் என்பது கணினி பழுதுபார்ப்போர் மனப்பாடம் செய்த விதியாகும்.

ஏடிஎக்ஸ் தரம்

1995இல் இன்டெல் நிறுவனம் ஏடிஎக்ஸ் என்னும் தரத்தை வெளியிட்டது. இரண்டு இணைப்பிகளுக்குப் பதிலாக, ஒரே விதமாக மட்டும் செருகக்கூடிய 20 முனை இணைப்பி வந்தது. சில்லுகள் குறைந்த மின்னழுத்தத்துக்கு மாறி வந்ததால் 3.3 வோல்ட்டும் சேர்க்கப்பட்டது. கணினி அணைந்திருக்கும்போதும் 5 வோல்ட்டில் சிறிது மின்சாரம் தரும் காத்திருப்பு வழியும் இதில் இடம்பெற்றது.

பழைய மின்வழங்கிகள் பலவற்றின் பின்புறத்தில் 115, 230 என்று குறித்த சிவப்பு நிற மாற்றுவிசை இருந்தது. 230 வோல்ட் வழங்கப்படும் இந்தியா, இலங்கை போன்ற நாடுகளில் அதை 115இல் வைத்து இயக்கினால், உள்ளே மின்னழுத்தம் இருமடங்காகி மின்வழங்கி பழுதாகும். பின்வந்த மின்வழங்கிகளில் பெரும்பாலானவை மின்னழுத்தத்தைத் தாமே அறிந்து இயங்குவதால் அந்த விசை மறைந்துவிட்டது.

செருகுவாய் போதாமல் போன காலம்

1990களின் பிற்பகுதியில் முப்பரிமாண விளையாட்டுகள் பரவின. இன்டெல் 1996இல் வரையறுத்த ஏஜிபி என்னும் செருகுவாய் வரைகலை அட்டைக்கென்றே உருவானது. அது ஏறத்தாழ 40 வாட் வரை தரவல்லது. தொழில்முறைக் கணினிகளுக்காக 110 வாட் வரை தரும் ஏஜிபி புரோ என்ற நீட்டிப்பும் வந்தது. ஆனால் வீட்டுக் கணினிகளில் அது பரவவில்லை.

2000ஆம் ஆண்டில் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் வெளியிட்ட வூடூ5 5500 அட்டையில் இரண்டு வரைகலைச் சில்லுகள் இருந்தன. செருகுவாயின் மின்சாரத்தை மட்டும் நம்பாமல், வன்தட்டுக்குச் செல்லும் 4 முனை இணைப்பியை அந்த அட்டையிலும் செருக வேண்டி இருந்தது. நான்கு சில்லுகள் கொண்ட வூடூ5 6000 அட்டைக்கு, சுவரில் செருகும் தனி மின்வழங்கி ஒன்றையே அந்நிறுவனம் உருவாக்கியது. வாங்குபவரின் கணினியில் உள்ள மின்வழங்கியை நம்ப முடியாது என்ற எண்ணத்தை அந்த ஏற்பாடு காட்டுகிறது. 6000 அட்டை விற்பனைக்கு வரவே இல்லை. அதே ஆண்டின் இறுதியில் நிறுவனத்தின் சொத்துகளை என்விடியா வாங்கியது.

அட்டைக்குத் தனிக் கம்பி என்ற வழக்கம் மட்டும் நிலைத்தது. 2002இல் வந்த ஏடிஐ ரேடியான் 9700 புரோ, நெகிழ்வட்டு இயக்கிக்கான சிறிய இணைப்பியைப் பயன்படுத்தியது. 2004இல் வந்த என்விடியாவின் ஜீபோர்ஸ் 6800 அல்ட்ரா அட்டையில் இரண்டு 4 முனை இணைப்பிகள் இருந்தன. அதற்கு 480 வாட் மின்வழங்கி வேண்டும் என நிறுவனம் பரிந்துரைத்தது வாங்குவோரைத் திகைக்க வைத்தது. அட்டை மட்டும் எடுத்துக்கொண்டது அதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கே. எஞ்சியது பிற உறுப்புகளுக்கும், தரம் தெரியாத மின்வழங்கிகளை எண்ணி விடப்பட்ட இடைவெளிக்கும் உரியது. அட்டைப் பெட்டிகளில் அச்சிடப்படும் பரிந்துரை வாட் இன்றும் இவ்வாறே கணிக்கப்படுகிறது. அதை அட்டையின் சொந்தத் தேவை என்று கொள்வது பரவலான தவறாகும்.

12 வோல்ட்டுக்கு மாற்றம்

இதே ஆண்டுகளில் மின்வழங்கியின் உள்ளமைப்பும் மாறியது. 60 வாட் தேவைப்படும் ஒரு செயலிக்கு 5 வோல்ட்டில் 12 ஆம்பியர் அனுப்ப வேண்டும். 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் போதும். கம்பியில் வெப்பமாக வீணாகும் திறன் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆகவே 5 வோல்ட்டில் அனுப்பும்போது ஏற்படும் வீணடிப்பு, அதே கம்பியில் 12 வோல்ட்டில் ஏற்படுவதைப் போல் ஏறத்தாழ ஆறு மடங்காகும். ஊர்களுக்கு இடையே மின்சாரத்தை உயர் மின்னழுத்தத்தில் கொண்டு செல்வதும் இதே விதியால்தான்.

2000ஆம் ஆண்டில் பென்டியம் 4 செயலியுடன், 12 வோல்ட்டைச் செயலியின் அருகே கொண்டு செல்லும் 4 முனை இணைப்பி அறிமுகமானது. இந்த மாற்றத்தைக் கொண்ட தரம் ஏடிஎக்ஸ்12வி எனப்பட்டது. அதன் 2.0 பதிப்பு 2003இல் வந்தது. தாய்ப்பலகை இணைப்பி 24 முனை ஆனது. மின்வழங்கியின் திறனில் பெரும்பங்கு 12 வோல்ட்டுக்கு ஒதுக்கப்பட்டது.

இதனால் ஒரு பழைய மின்வழங்கியும் ஒரு புதிய மின்வழங்கியும் ஒரே மொத்த வாட்டைக் காட்டினாலும் ஒன்றல்ல என்ற நிலை உருவானது. 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் பெரும்பகுதியைத் தரும் பழைய மின்வழங்கியில், புதிய அட்டைக்கு வேண்டிய 12 வோல்ட் குறைவாகவே இருக்கும். மொத்த வாட் போதும் எனக் கணக்குக் காட்டும். விளையாட்டு தொடங்கியதும் கணினி அணைந்துவிடும். மின்வழங்கியின் பக்கவாட்டில் ஒட்டிய அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேரே உள்ள ஆம்பியரைப் பார்க்க வேண்டும் என்ற பழக்கம் இதன் பிறகே வேரூன்றியது.

அக்காலத்துத் தரம், பாதுகாப்புக் கருதி ஒரு 12 வோல்ட் தடத்தில் செல்லும் திறனை 240 வாட்டுக்குள் கட்டுப்படுத்தியது. ஆகவே 12வி1, 12வி2 எனப் பல தடங்கள் வந்தன. அட்டவணையில் இரு தடங்களுக்கும் தலா 18 ஆம்பியர் என்று இருந்தாலும், கூட்டு அளவு 36 ஆம்பியர் என்று பொருளாகாது. கூட்டு வரம்பு அதைவிடக் குறைவாகத் தனியே குறிக்கப்பட்டிருக்கும். இந்தக் கட்டுப்பாடு பின்னர் தளர்த்தப்பட்டு, ஒற்றைத் தட மின்வழங்கிகள் மீண்டும் பெருகின.

பிசிஐ எக்ஸ்பிரஸ்: 75, 150, 300

2004 முதல் ஏஜிபியின் இடத்தைப் பிசிஐ எக்ஸ்பிரஸ் பிடித்தது. வரைகலை அட்டைக்கான அதன் நீண்ட செருகுவாய் 75 வாட் வரை தரவல்லது. இதில் 66 வாட் 12 வோல்ட்டிலும், ஏறத்தாழ 10 வாட் 3.3 வோல்ட்டிலும் கிடைக்கும். கூடுதல் தேவைக்கு 6 முனை இணைப்பி வழியே மேலும் 75 வாட்டும், பின்னர் வந்த 8 முனை இணைப்பி வழியே 150 வாட்டும் பெறலாம் என வரையறுக்கப்பட்டது. செருகுவாயும் ஒரு 6 முனையும் ஒரு 8 முனையும் சேர்ந்தால் 300 வாட். 2007இல் வந்த ரேடியான் எச்டி 2900 எக்ஸ்டி இவ்விரண்டையும் கொண்டிருந்தது.

இதன் நன்மை, இணைப்பிகளை எண்ணியே ஓர் அட்டையின் உச்சத் தேவையை ஊகிக்க முடிந்ததுதான். மின்வழங்கியில் போதிய இணைப்பிகள் இருந்தால், அதன் தயாரிப்பாளர் அந்தத் தேவையை எதிர்பார்த்திருக்கிறார் என்றும் கொள்ளலாம்.

ஆனால் இணைப்பி இல்லாத இடத்தில் மாற்றுக் கம்பிகள் நுழைந்தன. வன்தட்டுக்கான சாட்டா மின் இணைப்பியை 6 முனையாக மாற்றும் கம்பி இதற்கு எடுத்துக்காட்டு. சாட்டா இணைப்பியில் 12 வோல்ட்டுக்கு மூன்று முனைகள் உள்ளன. ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர் தாங்கும். மொத்தம் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். 6 முனை இணைப்பி கேட்கக்கூடியதோ 75 வாட். எனவே மின்வழங்கியில் திறன் மிச்சமிருந்தாலும் அந்தக் கம்பி சூடேறி உருகக்கூடும். மின்வழங்கியின் திறனுக்கும் அதைக் கொண்டு செல்லும் வழியின் திறனுக்கும் உள்ள வேறுபாட்டை இது காட்டுகிறது.

கழற்றி மாட்டக்கூடிய கம்பிகள் கொண்ட மின்வழங்கிகள் பெருகியபோது மற்றொரு சிக்கலும் வந்தது. அட்டையின் பக்கம் உள்ள முனைகளுக்குத் தரம் உண்டு; மின்வழங்கியின் பக்கம் உள்ள முனைகளுக்குப் பொதுத் தரம் இல்லை. ஒரு நிறுவனத்தின் கம்பியை வேறொரு நிறுவனத்தின் மின்வழங்கியில் செருகினால், 5 வோல்ட் செல்ல வேண்டிய இடத்தில் 12 வோல்ட் சென்று வன்தட்டு அழியலாம். மின்வழங்கியை மாற்றும்போது கம்பிகளையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்பது இதனால் வந்த விதி.

இதற்கு நேர்மாறான போக்கும் இருந்தது. 2014இல் வந்த ஜீபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 750 டிஐ 60 வாட் அளவிலேயே இயங்கியது. தனிக் கம்பி தேவைப்படாத வடிவிலும் கிடைத்தது. 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 75 வாட்டுக்குள் அடங்கியது. 6 முனை இணைப்பி இல்லாத சிறு மின்வழங்கியுடன் வந்த அலுவலகக் கணினிகளைப் புதுப்பிக்க விரும்பியோருக்கு இவை பெரிதும் உதவின.

அச்சிட்ட வாட்டும் உண்மை வாட்டும்

மலிவான மின்வழங்கிகளில் அச்சிட்ட எண் பல வேளைகளில் தொடர்ந்து தரக்கூடிய திறனைக் குறிக்கவில்லை. சில நொடிகள் மட்டும் தாங்கும் உச்சத் திறனே பெரிய எழுத்தில் இடம்பெற்றது. மேலும் திறன் வெப்பநிலையைப் பொறுத்தது. குளிர்ந்த அறையில் அளந்த திறன், கோடைக் காலத்தில் மூடிய பெட்டிக்குள் கிடைக்காது. 2000களின் முற்பகுதியில் குறைபாடுள்ள மின்தேக்கிகள் வீங்கிக் கசிந்து, உலகெங்கும் தாய்ப்பலகைகளும் மின்வழங்கிகளும் பழுதாயின. நல்ல மின்தேக்கியும் வெப்பத்தில் ஆண்டுகள் செல்லச் செல்ல வலுவிழக்கும். எனவே மின்வழங்கியின் வயதும் கணக்கில் சேர்ந்தது.

2004இல் அமெரிக்காவில் 80 பிளஸ் என்னும் சான்றளிப்புத் திட்டம் தொடங்கியது. முழுச் சுமையில் 20, 50, 100 விழுக்காடு ஆகிய மூன்று நிலைகளிலும் குறைந்தது 80 விழுக்காடு பயனுறுதிறன் கொண்ட மின்வழங்கிகளுக்கு இச்சான்று தரப்பட்டது. வெண்கலம், வெள்ளி, தங்கம் ஆகிய நிலைகள் 2008இல் சேர்ந்தன. பிளாட்டினம், டைட்டேனியம் ஆகியவை பின்னர் வந்தன.

இச்சான்றைப் பற்றி இரு தவறான கருத்துகள் பரவி உள்ளன. முதலாவது, 500 வாட் மின்வழங்கி 80 விழுக்காடு பயனுறுதிறன் கொண்டதாயின் 400 வாட் மட்டுமே தரும் என்பது. உண்மையில் அது கணினிக்கு 500 வாட் தரும். அதற்காகச் சுவரில் இருந்து 625 வாட் எடுக்கும். இரண்டாவது, தங்கச் சான்று இருந்தால் எல்லா வகையிலும் பாதுகாப்பானது என்பது. இச்சான்று வீணாகும் மின்சாரத்தை அளக்கிறதே அன்றி, மின்குறுக்கைத் தடுக்கும் சுற்றுகளையோ திடீர்ச் சுமையைத் தாங்கும் ஆற்றலையோ சோதிப்பதில்லை. ஆயினும் முழுச் சுமையில் ஒரு வெளி அமைப்பு சோதித்தது என்பதால், அச்சிட்ட வாட் பொய்யாக இருக்கும் வாய்ப்பை அது பெரிதும் குறைத்தது.

2016: அட்டையே வரம்பை மீறியபோது

அதுவரை குறை மின்வழங்கியின் பக்கமே எனக் கருதப்பட்டது. 2016 சூனில் ஏஎம்டி நிறுவனம் ரேடியான் ஆர்எக்ஸ் 480 அட்டையை 150 வாட் தேவையும் ஒரே ஒரு 6 முனை இணைப்பியும் கொண்டதாக வெளியிட்டது. செருகுவாய் 75, இணைப்பி 75 என்று கணக்கு விளிம்பில் நின்றது. தனிநிலை ஆய்வாளர்கள் அளந்தபோது, அட்டை செருகுவாயில் இருந்து 75 வாட்டுக்கு மேல் இழுப்பது தெரியவந்தது. பழைய, மலிவான தாய்ப்பலகைகளுக்கு இது தீங்கு விளைவிக்கலாம் என்ற அச்சம் எழுந்தது. அடுத்த மாதமே ஏஎம்டி புதிய இயக்கி மென்பொருளை வெளியிட்டு, சுமையின் ஒரு பகுதியைச் செருகுவாயில் இருந்து 6 முனை இணைப்பிக்கு மாற்றியது. மொத்தத் தேவையைக் குறைக்கும் விருப்பத் தெரிவும் அதில் சேர்க்கப்பட்டது. அறிவிக்கப்பட்ட வாட்டை நம்பாமல், அளந்து பார்த்த முடிவுகளையும் தேடிப் படிக்கும் வழக்கத்தை இந்நிகழ்வு வலுப்படுத்தியது.

கண்ணிமைக்கும் நேரத்துக்குள் எழும் சுமை

வரைகலைச் சில்லு ஒரே சீராக மின்சாரம் எடுப்பதில்லை. ஒரு படச்சட்டம் கணிக்கப்படும்போது சுமை ஏறும், முடிந்ததும் இறங்கும். சராசரியாக 320 வாட் எடுக்கும் அட்டை, மிகச் சிறிய நேரத்துக்கு அதைவிட மிகவும் கூடுதலாக இழுக்கக்கூடும். இதை அளக்க அலைவுகாட்டி போன்ற கருவி தேவை. வீட்டில் பயன்படும் வாட் அளவி இதைக் காட்டாது.

2020இல் 320 வாட் ஜீபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 3080, 350 வாட் ஆர்டிஎக்ஸ் 3090 ஆகிய அட்டைகள் வந்தன. இரண்டுக்கும் 750 வாட் மின்வழங்கி பரிந்துரைக்கப்பட்டது. கூட்டிப் பார்த்தால் போதுமான திறன் கொண்ட சில மின்வழங்கிகளும் இத்தகைய அட்டைகளுடன் திடீரென அணைந்தன. மின்வழங்கி பழுதாகவில்லை; மிகை மின்னோட்டத்தைக் கண்டு அதன் காப்புச் சுற்று தன் கடமையைச் செய்தது. சராசரியைக் கூட்டும் பழைய கணக்கு இந்த உச்சத்தைக் காணவில்லை.

2022 பிப்ரவரியில் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் 3.0 தரம் இதற்கு விடை தந்தது. 450 வாட்டுக்கு மேற்பட்ட மின்வழங்கிகள், தம் முழுத் திறனைப் போல் இருமடங்குச் சுமையை 100 மைக்ரோ நொடி வரை அணையாமல் தாங்க வேண்டும் என அது வரையறுத்தது. அதாவது 850 வாட் மின்வழங்கி, அந்தச் சிறு நேரத்துக்கு 1700 வாட்டைத் தாங்க வேண்டும்.

உருகிய இணைப்பிகள்

ஏடிஎக்ஸ் 3.0 தரத்தோடு, 12விஎச்பிடபிள்யூஆர் எனப்படும் 16 முனை இணைப்பியும் வந்தது. மின்சாரம் கடத்தும் 12 முனைகளும், எத்தனை வாட் வரை எடுக்கலாம் என அட்டைக்குத் தெரிவிக்கும் 4 சிறு முனைகளும் அதில் உள்ளன. அது ஒன்றே 600 வாட் வரை தரவல்லது.

2022 அக்டோபரில் 450 வாட் ஜீபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 4090 விற்பனைக்கு வந்த சில வாரங்களில், இணைப்பி உருகிய படங்கள் வெளியாயின. உலகெங்கும் ஏறத்தாழ 50 நிகழ்வுகள் தம் கவனத்துக்கு வந்ததாகவும், இணைப்பி முழுமையாகச் செருகப்படாததே பொதுவான காரணமாகத் தெரிவதாகவும் என்விடியா நவம்பரில் அறிவித்தது.

பயனர் சரியாகச் செருகவில்லை என்பதோடு இச்சிக்கல் முடிந்துவிடவில்லை. 8 முனை இணைப்பியில் 150 வாட் மூன்று முனைகளில் பகிரப்படுகிறது, முனைக்கு 4.2 ஆம்பியர். அம்முனைகள் 7 ஆம்பியருக்கு மேல் தாங்குபவை என்பதால் பெரிய இடைவெளி இருந்தது. புதிய இணைப்பியில் 600 வாட் ஆறு முனைகளில் பகிரப்படுகிறது, முனைக்கு 8.3 ஆம்பியர். முனையின் வரம்போ 9.5 ஆம்பியர். ஒரிரு முனைகள் சரியாகத் தொடாவிட்டால், எஞ்சியவை வரம்பைத் தாண்டிச் சூடேறும். பழைய இணைப்பி மன்னித்த சிறு கவனக்குறைவைப் புதிய இணைப்பி மன்னிக்கவில்லை.

2023இல் இது 12வி-2×6 என்ற பெயரில் திருத்தப்பட்டது. கடத்தும் முனைகள் நீட்டப்பட்டன. தகவல் முனைகள் குறுக்கப்பட்டன. இதனால் முழுமையாகச் செருகாத நிலையில் தகவல் முனைகள் தொடாது. அட்டையும் முழு மின்சாரத்தை எடுக்காது. 2025 சனவரியில் வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 5090 இந்த வடிவையே பயன்படுத்துகிறது. அதன் தேவை 575 வாட். பரிந்துரைக்கப்பட்ட மின்வழங்கி 1000 வாட். இணைப்பியின் வரம்புக்கும் அட்டையின் தேவைக்கும் இடையே 25 வாட் மட்டுமே மிஞ்சுகிறது. அந்த அட்டையிலும் இணைப்பி உருகிய செய்திகள் வந்துள்ளன.

இன்றைய சரிபார்ப்பு முறை

மேற்கண்ட வரலாற்றின் ஒவ்வொரு கட்டமும் இன்றைய சரிபார்ப்பில் ஒரு படியாக நிற்கிறது.

1. உச்சத் தேவையைக் கூட்டுதல்: அட்டை, செயலி ஆகியவற்றின் உச்ச வாட்டைக் கூட்டி, தாய்ப்பலகை, நினைவகம், வட்டுகள், விசிறிகளுக்காக 50 முதல் 75 வாட் வரை சேர்க்க வேண்டும். செயலியின் பெட்டியில் உள்ள அடிப்படை வாட்டை எடுத்துக்கொள்ளக் கூடாது.
2. 12 வோல்ட் திறனைப் பார்த்தல்: மின்வழங்கியின் அட்டவணையில் 12 வோல்ட்டின் கூட்டு ஆம்பியரை 12ஆல் பெருக்க வேண்டும்.
3. இணைப்பிகளை எண்ணுதல்: அட்டைக்கு வேண்டியவை மின்வழங்கியிலேயே இருக்க வேண்டும். செயலிக்கான 8 முனை இணைப்பியும் அட்டைக்கான 8 முனை இணைப்பியும் பார்வைக்கு ஒத்திருந்தாலும், மின்முனைகள் நேரெதிராக அமைந்தவை.
4. தரத்தையும் வயதையும் பார்த்தல்: சான்று, உத்தரவாதக் காலம், வாங்கிய ஆண்டு ஆகியவை.
5. திடீர்ச் சுமைக்கு இடம் விடுதல்: மின்வழங்கி ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 தரத்தைச் சேர்ந்ததா என்பது பெரிய அட்டைகளுக்கு முதன்மையானது.
6. முழுமையாகச் செருகுதல்: இணைப்பியின் அருகே கம்பியை மடக்காமல், இடைவெளி தெரியாதவாறு அழுத்திச் செருக வேண்டும்.

எடுத்துக்காட்டாக, இன்டெல் கோர் ஐ5-12400 செயலி உள்ள கணினியில் ஜீபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 3060 பொருத்துவதாகக் கொள்வோம். செயலியின் அடிப்படைத் திறன் 65 வாட். உச்சத் திறன் 117 வாட். அட்டைக்கு 170 வாட். பிறவற்றுக்கு 60 வாட். மொத்தம் 347 வாட். இதில் செயலியும் அட்டையும் மட்டும் 287 வாட் எடுக்கின்றன. அது ஏறத்தாழ முழுவதும் 12 வோல்ட்டில் இருந்து வருகிறது.

இப்போது இரு மின்வழங்கிகளை ஒப்பிடலாம். ஒன்றில் 500 வாட் என்று அச்சிட்டிருக்கிறது. அதன் 12 வோல்ட் அளவு 20 ஆம்பியர், அதாவது 240 வாட். மற்றொன்றில் 450 வாட் என்று அச்சிட்டிருக்கிறது. அதன் 12 வோல்ட் அளவு 36 ஆம்பியர், அதாவது 432 வாட். முன்னது இந்த அட்டையைத் தாங்காது. எண்ணில் சிறிய பின்னது, தரமானதாகவும் 8 முனை இணைப்பி கொண்டதாகவும் இருந்தால் தாங்கும். தரம் தெரியாத மின்வழங்கிகளையும் எண்ணி, இந்த அட்டைக்கு என்விடியா 550 வாட் பரிந்துரைக்கிறது.

மின்வெட்டு உள்ள பகுதிகளில் தடையில்லா மின்வழங்கியாகிய யூபிஎஸ் கருவியையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். 600 விஏ எனக் குறிக்கப்பட்ட பல சிறு கருவிகள் 360 வாட் மட்டுமே தருபவை. மேற்கண்ட கணினி 347 வாட் எடுக்கும்போது, மின்வழங்கியின் பயனுறுதிறன் 85 விழுக்காடாயின் சுவரில் இருந்து 408 வாட் தேவைப்படும். மின்சாரம் போனவுடன் அந்தக் கருவி காக்க வேண்டிய கணினியை அதுவே அணைத்துவிடும்.

மதிப்பீடு

63.5 வாட்டில் ஒரு முழுக் கணினி இயங்கிய நிலையில் இருந்து, ஓர் அட்டை மட்டும் 575 வாட் எடுக்கும் நிலைக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் தனிநபர் கணினி வந்துள்ளது. இக்காலத்தில் சரிபார்க்கும் பொறுப்பு படிப்படியாக வாங்குபவரிடம் வந்து சேர்ந்தது. ஐபிஎம் தன் கணினிக்குத் தானே மின்வழங்கியைத் தேர்ந்தது; இன்று உறுப்புகளைத் தனித்தனியே வாங்கிச் சேர்ப்பவர் அந்தத் தேர்வைத் தாமே செய்கிறார். கணினி உறுப்புகளுள் மின்வழங்கி ஒன்றே பிற உறுப்புகள் அனைத்தோடும் கம்பியாலோ தாய்ப்பலகையாலோ இணைந்தது. அது தவறினால் தன்னோடு மற்றவற்றையும் கெடுக்க வல்லது. அட்டைக்குப் பணம் போதாமல் மின்வழங்கியில் மிச்சம் பிடிப்பது, பல வேளைகளில் அட்டையையும் சேர்த்து இழப்பதில் முடிகிறது. பெட்டியில் பெரிதாக அச்சிட்ட வாட்டை விட, பக்கவாட்டில் சிறிய எழுத்தில் உள்ள அட்டவணையே இதில் நம்பத்தக்க வழிகாட்டி ஆகும்.